பாரிஸ் துணிக்கடைகளில் ஏழு நாள்

முதல் நாள்: திங்கள், 2025 ஜனவரி 6

திருப்பூரில் பதினாறு ஆண்டுகளாகப் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை பார்த்து வருகிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் ஆடைகளின் கழுத்தில் தைக்கப்படும் அளவு லேபிள்களை இலட்சக்கணக்கில் சரிபார்த்து அனுப்பியிருந்தாலும், அவற்றில் ‘எஃப்.ஆர்.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 38, 40, 42 என்னும் எண்களை ஒரு பிரெஞ்சுக்காரர் எப்படி உச்சரிப்பார் என்று இந்தப் பயணத்துக்கு முன்பு யோசித்ததே இல்லை. குளிர்காலத் தள்ளுபடி தொடங்கும் வாரத்தில் பாரிஸில் இருக்கும்படி நானும் அக்காவும் பயணத்தை அமைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு நல்ல குளிர் கோட்டு, பனிக்காலத்துக்கு ஏற்ற காலணி, முடிந்தால் கொஞ்சம் துணி ஆகியவற்றை வாங்க வேண்டும் என்பதே திட்டம். புறப்படுவதற்கு முன் இரண்டு மாதம் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்து, கடையில் சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஒரு கையடக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டில் இருந்த பெருங்குறை இன்று மாலையே தெரிந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியவை மட்டுமே அதில் இருந்தன, என்னிடம் கேட்கப்படுபவை ஒன்றுகூட இல்லை.

விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சிறிய கடைக்குள் நுழைந்ததும் நான் நேராகக் கழுத்துச் சால்வைகள் தொங்கிய இடத்துக்குப் போய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பின்னாலிருந்து “போன்ஜூர்” என்று ஒரு குரல் கேட்டது. வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும், இந்த முறை சற்று உரக்க, “போன்ஜூர், மதாம்” என்றார் விற்பனைப் பெண். நான் திரும்பி ஆங்கிலத்தில் விலை கேட்க, அவர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் ‘வாங்க’ என்று அழைப்பவருக்குப் பதில் சொல்லாமல் நேரே அடுக்களைக்குள் போனால் எப்படி இருக்குமோ, அங்கே வணக்கம் சொல்லாமல் அலமாரியைத் தொடுவதும் அப்படித்தான். நம் கடைகளில் ‘வாங்க அக்கா, என்ன பார்க்கறீங்க?’ என்ற அழைப்புக்கு நாம் தலையசைத்துவிட்டுப் போகலாம், ஆனால் இங்கே வாய்திறந்து பதில் வணக்கம் சொல்வது கட்டாயம்.

அடுத்த கடையில் கதவைத் திறந்ததுமே “போன்ஸ்வார், மதாம்” என்றேன், ஏனென்றால் அதற்குள் இருட்டிவிட்டிருந்தது, மாலை ஆறு மணிவாக்கில் போன்ஜூர் போய் போன்ஸ்வார் வந்துவிடுகிறது. உடனே கேள்வி வந்தது: “ஜெ பெ வூஸ் எதே?” உங்களுக்கு உதவட்டுமா என்பது பொருள். இதற்குச் சொல்ல வேண்டியது “ஜெ ரெகார்த், மெர்சி”, அதாவது ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன், நன்றி’. இந்த இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டேன். இனிமேல் நோட்டின் இடப்பக்கத்தில் அவர்கள் கேட்பது, வலப்பக்கத்தில் நான் சொல்வது என்று எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். இங்கே ‘ன்’ என்று எழுதியிருக்கும் பல இடங்களில் நாக்கு மேல்வாயைத் தொடுவதில்லை, ஒலி மூக்கின் வழியாகப் போய்விடுகிறது. ‘போன்’ என்பதில் வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு மூக்கால் முடித்தால் ஏறக்குறைய சரியாக வரும்.

இரண்டாம் நாள்: செவ்வாய், ஜனவரி 7

இன்று காலணி வாங்கினோம். ஆடை அளவுக்கு ‘தாய்’ என்று ஒரு சொல்லும், காலணி அளவுக்கு ‘ப்வான்த்யூர்’ என்று இன்னொரு சொல்லும் பிரெஞ்சில் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொல்வதில்லை. ‘தாய்’ என்பதற்கு இடுப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. நம் காதுக்கு அது அம்மாவாகவே ஒலிப்பதால் அக்கா அந்தச் சொல்லை மறக்கவே இல்லை. ப்வான்த்யூர் என்பது புள்ளி என்னும் பொருளுடைய ‘ப்வான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘பாரிஸ் புள்ளி’ என்று அழைக்கப்படும் அந்த அலகு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. என் காலணி எண் 39. அப்படியானால் அந்தக் காலணியை எந்த அச்சின் மேல் வைத்துத் தைத்தார்களோ அந்த அச்சின் நீளம் சரியாக 26 சென்டிமீட்டர். விரல்களுக்கு முன்னால் சற்று இடம் வேண்டும் என்பதால் காலின் நீளம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்தக் கணக்கு விளங்கிய பிறகு அடுத்த எண்ணுக்குப் போனால் எவ்வளவு கூடும் என்பதைக் காலில் போடாமலே சொல்லிவிட முடிகிறது.

கடையில் கேட்ட கேள்வி: “வூ ஷோசே த்யூ கொம்பியன்?” நீங்கள் எந்த எண் காலணி அணிவீர்கள்? பதில்: “ஜெ ஷோஸ் த்யூ த்ரான்த்-நெஃப்”. இந்தக் கேள்வியில் ப்வான்த்யூர் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்ததால் முதல் முறை கேள்வியே பிடிபடவில்லை.

விலை சொல்லும்போதுதான் உண்மையான சிரமம். பிரான்ஸில் எழுபதுக்குத் தனிச்சொல் இல்லை, அறுபது-பத்து என்கிறார்கள். எண்பது நான்கு-இருபது, தொண்ணூறு நான்கு-இருபது-பத்து. காலணியின் விலை 79 யூரோ 90 சென்ட். அதைக் கடைக்காரர் “ஸ்வாஸான்த்-தீஸ்-நெஃப் காத்ர்-வான்-தீஸ்” என்று ஒரே மூச்சில் சொன்னார். ‘ஸ்வாஸான்த்’ என்று காதில் விழுந்ததும் கை அறுபது யூரோவை எடுக்கப் போய்விடுகிறது. பின்னால் ‘தீஸ்’ வருகிறதா என்று முழுவதும் கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும். தமிழிலும் தொண்ணூறு என்ற பெயர் பத்தை விட்டு நூறைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பழகியவர்களுக்கு அது உறுத்துவதில்லை. இவர்களுக்கும் அப்படியே. புரியாவிட்டால் “வூ பூவே லெக்ரீர்?”, எழுதிக் காட்டுவீர்களா என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மூன்றாம் நாள்: புதன், ஜனவரி 8

இன்று காலை எட்டு மணிக்கு ‘ஸோல்த்’ என்னும் தள்ளுபடி விற்பனை தொடங்கியது. இது நம் ஊர் ஆடித் தள்ளுபடியைப் போல ஒவ்வொரு கடையும் தன் விருப்பப்படி நீட்டிக்கொள்ளும் விற்பனை அல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை, அரசு குறித்த நாளில் தொடங்கி, நான்கு வாரத்தில் முடிந்துவிடும். முன்பு ஆறு வாரமாக இருந்தது 2020 முதல் நான்காகக் குறைந்தது. குளிர்காலத்துக்குரியது ஜனவரியின் இரண்டாம் புதன்கிழமை தொடங்குகிறது, அந்தப் புதன் 12ஆம் தேதிக்குப் பின் வந்தால் முதல் புதனுக்கு முன்னேறிவிடும். கோடைக்குரியது ஜூன் மாதக் கடைசிப் புதனையொட்டி வரும். தள்ளுபடிக்கு வைக்கும் சரக்கு குறைந்தது ஒரு மாதம் முன்பே கடையில் விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும், வாங்கிய விலைக்கும் கீழே விற்கப் பொதுவாக இந்த நாட்களில்தான் கடைகளுக்கு அனுமதி உண்டு. தள்ளுபடிக்கென்றே மலிவான துணியில் தனியாகத் தைத்துக் குவிக்கும் வழக்கத்தை நன்கு அறிந்த எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மிகுந்த மதிப்பு ஏற்பட்டது. இரண்டாம் சுற்றுக் குறைப்பை ‘தெஸியெம் தெமார்க்’ என்று சன்னலில் எழுதுவார்கள். பொறுத்திருந்தால் விலை இன்னும் இறங்கும், ஆனால் நம் அளவு தீர்ந்துவிடும்.

பேரம் பேசலாமா என்று அக்கா கேட்டார். பெரிய கடைகளில் கூடாது. 1852இல் அரிஸ்தீத் பூசிகோ பங்குதாரராகச் சேர்ந்து வளர்த்த போன் மார்ஷே என்னும் கடையே, விலையை எழுதி ஒட்டுவதையும், வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பதையும் இந்த நகரத்தில் வேரூன்றச் செய்தது. ‘போன் மார்ஷே’ என்றால் மலிவு என்று பொருள். கடையின் பெயராக இருந்தாலும் அன்றாடப் பேச்சில் “ஸே போன் மார்ஷே” என்றால் விலை குறைவு என்பதுதான். இன்று அந்தக் கடைக்குப் போகும் எவரும் அங்குள்ள விலைகளைப் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கோட்டுக்கு வருகிறேன். ‘மான்தோ’ என்றால் நீண்ட குளிர் கோட்டு. ‘வெஸ்த்’ என்று எழுதியிருந்தால் நாம் நினைக்கும் உள்பனியன் அல்ல, இடுப்பளவு ஜாக்கெட். நாங்கள் திருப்பூரில் தைக்கும் கையில்லாத பனியனுக்கு இங்கே ‘தெபார்தர்’ என்று பெயர், சரக்கு இறக்கும் தொழிலாளியைக் குறிக்கும் சொல் அவர் அணிந்த உடுப்புக்கும் ஆகிவிட்டது. ஆணின் சட்டை ‘ஷெமீஸ்’, இலக்கணப்படி அது பெண்பால். பெண்ணின் சட்டை ‘ஷெமிஸியே’, அதுவோ ஆண்பால். இதற்குக் காரணம் தேடாமல் அப்படியே மனத்தில் இருத்திக்கொள்வதே நல்லது.

நகரின் நடுப்பகுதியில் ஒரு கடையில் கருநீல மான்தோ ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. “வூ ஃபெத் கெல் தாய்?” என்றார் விற்பனைப் பெண். “ஜெ ஃபே த்யூ காரான்த்”, நான் 40 என்றேன். நம் லேபிள்களில் பிரிட்டன் 12க்கும் ஜெர்மனி 38க்கும் நேராக நிற்கும் பிரெஞ்சு எண் அது. ஜெர்மானிய அளவில் பழகியவர்கள் இரண்டைக் கூட்டிச் சொல்ல வேண்டும். “ஜெ பெ லெஸேயே?” என்று போட்டுப் பார்க்க அனுமதி கேட்டதும் உடைமாற்றும் அறையைக் காட்டினார். தோளில் பிடித்தது. “ஸா மெ ஸேர்”, இறுக்குகிறது என்றேன். அவர் தலையசைத்து “ஸா தாய் பெத்தி” என்றார். என் நோட்டில் இல்லாத, ஆனால் இருந்தே ஆக வேண்டிய வாக்கியம் இது. இந்த ஆடையின் வெட்டே சிறியது, எழுதியிருக்கும் எண்ணைவிடச் சின்னதாக வரும் என்பது இதன் பொருள். இங்கே ‘தாய்’ வினைச்சொல்லாகிவிட்டது.

பெரிய அளவு கேட்க “லா தாய் ஓ தெஸ்யூ” என்று சொல்ல வேண்டும், சிறிய அளவுக்கு “லா தாய் ஓ தெஸூ”. இரண்டுக்கும் வேறுபாடு கடைசி உயிரொலி மட்டுமே. நான் கேட்டதும் அவர் போய் 38ஐக் கொண்டுவந்தார். திரும்பவும் சொன்னேன், அவர் குழம்பிப்போய் 38ஐயே மறுபடி நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தன் உதடுகளைக் குவித்து மெதுவாக ஒலித்துக் காட்டினார். அந்த ஒலி தமிழில் இல்லை. ‘ஈ’ என்று சொல்வதற்கு நாக்கை எப்படி வைப்போமோ அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் அது வரும். நான் ‘தெஸ்யூ’ என்று எழுதியிருப்பது அதற்கு ஓர் அடையாளம் மட்டுமே. மூன்றாம் முறை நான் சொன்னபோது அவர் முகம் மலர்ந்து, ஓடிப்போய் 42ஐ எடுத்து வந்தார். தோள் சரியாக அமர்ந்தது. “ஜெ லெ ப்ரான்”, இதை எடுத்துக்கொள்கிறேன். ஒலி வராதவர்கள் கையை மேலே காட்டிச் சொன்னாலும் போதும், அதில் தவறில்லை.

அக்காவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. வாங்காமல் வெளியே வரும்போது சொல்வதற்கு ஒரு மரியாதையான வாக்கியம் உண்டு: “ஜெ வே ரெஃப்லெஷீர்”, யோசித்துச் சொல்கிறேன். திரும்பி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் அதைச் சொல்லி, “மெர்சி, ஓ ர்வார்” என்று விடைபெற்றால் எவ்விதச் சங்கடமும் மிஞ்சுவதில்லை.

நான்காம் நாள்: வியாழன், ஜனவரி 9

மோன்மார்த்ர் குன்றின் அடியில் ஸான் பியேர் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்கள் முழுவதும் துணிக்கடைகள். பயணிகள் பலர் தலைநிமிர்ந்து வெள்ளைத் தேவாலயத்தைப் பார்த்தபடி இவற்றைக் கடந்துபோய்விடுகிறார்கள், எனக்கோ கால் நகரவில்லை. ‘கூப்போன்’ என்ற சொல்லைக் கேட்டால் தள்ளுபடிச் சீட்டு என்று நினைக்கக் கூடாது. இங்கே அது வெட்டி மடித்து வைத்த துணித்துண்டு, பெரும்பாலும் மூன்று மீட்டர். துணியின் அகலத்துக்கு ‘லேஸ்’ என்று தொழிற்சொல் இருக்கிறது. “கெல் ஏ லா லேஸ்?” என்று நான் கேட்டதும் கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் தையல் தெரிந்தவரா என்று விசாரிக்கத் தொடங்கினார். இழையின் பெயர்கள் எளியவை: பருத்தி ‘கொத்தோன்’, கம்பளி ‘லேன்’, பட்டு ‘ஸ்வா’, லினன் ‘லான்’. துவைத்தால் சுருங்குமா என்பதற்கு “ஸா ரெத்ரெஸி ஓ லவாஜ்?” கம்பளி எதையும் வாங்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

ஒரு மேசையில் மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம்போட்ட பருத்தித் துணி இருந்தது. அதன் அட்டையில் ‘மத்ராஸ்’ என்று எழுதியிருந்தது. இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொள்ளத் தேவையில்லாத ஒரே பிரெஞ்சுச் சொல் அதுவாகத்தான் இருக்கும். நம் கடற்கரையிலிருந்து போன அந்தக் கட்டத் துணி இன்று கரீபியக் கடலில் உள்ள மார்த்தினீக், குவாதலூப் தீவுகளின் பெண்கள் தலையில் கட்டும் மரபுத் துணி. பிரான்ஸில் இந்தியத் துணிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அச்சிட்ட பருத்தித் துணிகளை இவர்கள் ‘ஆந்தியென்’, அதாவது இந்தியத் துணி என்றே அழைத்தார்கள். உள்நாட்டு நெசவாளர் பிழைப்பைக் கெடுக்கிறது என்று 1686இல் அரசு அதைத் தடை செய்தது, 1759இல்தான் தடை நீங்கியது. மறு ஆண்டே ஒபெர்காம்ப் என்பவர் வெர்ஸாய் பக்கத்தில் உள்ள ஜூயி என்னும் ஊரில் அச்சுப்பட்டறை தொடங்கினார், அங்கிருந்து வந்ததே ‘த்வால் த ஜூயி’ என்னும் புகழ்பெற்ற துணி. எழுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அஞ்சித் தடுக்கும் அளவுக்கு நம் சாயமும் அச்சும் நன்றாக இருந்திருக்கின்றன. மூன்று மீட்டர் மத்ராஸ் வாங்கிக்கொண்டேன்: “த்ர்வா மேத்ர், ஸில் வூ ப்ளே”, தயவுசெய்து மூன்று மீட்டர்.

ஐந்தாம் நாள்: வெள்ளி, ஜனவரி 10

வடக்குத் தொடருந்து நிலையத்துக்கு அப்பால் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சேலைக்கடை ஒன்றில் இருந்த அம்மா, ஒரு பிரெஞ்சு வாடிக்கையாளரிடம் சரளமாகப் பேசி அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, “எங்கையிருந்து வாறியள், பிள்ளையள்?” என்றார். என் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். “எல்லாம் சரி. ஆனா போட்டுப் பாத்த உடுப்பை அங்கையே போட்டிட்டு வராதேங்கோ. கொண்டுவந்து அவையின்ரை கையிலை குடுத்து, ‘ஸா ந மெ வா பா, மெர்சி’ எண்டு சொல்லுங்கோ” என்றார். எனக்குப் பொருந்தவில்லை, நன்றி என்பது அதன் பொருள். பிறகு அக்காவின் தோளில் ஒரு பட்டுச் சேலையின் முந்தானையைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்து, “ஸா வூ வா பியன்!” என்றார், உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. இது வழக்கமாக எல்லாக் கடையிலும் கேட்கும் வாக்கியம்தான். ஆனால் அவர் சொன்னதை அக்கா நம்பினார், வாங்கவும் செய்தார்.

ஆறாம் நாள்: சனி, ஜனவரி 11

புதன்கிழமை கோட்டோடு சேர்த்து வேறொரு கடையில் எனக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டரும் வாங்கியிருந்தேன். நேற்று இரவு விளக்கடியில் விரித்துப் பார்த்தபோது, இடது அக்குளுக்குக் கீழே ஒரு கண்ணி விட்டுப்போய், ஏணிப்படிபோல நான்கு அங்குலம் இறங்கியிருப்பது தெரிந்தது. பகலில் கடை வெளிச்சத்தில் அது என் கண்ணில் படாமல் போனது வருத்தமாக இருந்தது. தள்ளுபடிப் பொருள்களுக்குச் சில கடைகள் ‘நி ரெப்ரி நி எஷான்ஜே’ என்று பலகை வைக்கின்றன, திரும்பப் பெறவும் மாற்றவும் மாட்டோம் என்பது பொருள். நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பது போன்ற காரணங்களுக்கு அது செல்லும். பொருளிலேயே மறைந்திருந்த குறைக்குச் செல்லாது, தள்ளுபடி நாளிலும் அந்த உரிமை அப்படியே இருக்கிறது.

நல்லவேளையாக ரசீது வைத்திருந்தேன். 2023 ஆகஸ்ட் முதல் பிரெஞ்சுக் கடைகளில் ரசீது தானாக அச்சாகி வருவதில்லை, கேட்டால்தான் தருவார்கள். பணம் செலுத்தும் இடத்தில் “வூ வூலே லெ திக்கே?” என்று மெல்லிய குரலில், பின்னால் வரிசை நிற்கும் அவசரத்தில் ஒரு கேள்வி வரும். புரியாமல் தலையை ஆட்டினால் ரசீது போய்விடும். “வுய், ஸில் வூ ப்ளே” என்று உடனே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னதாகவே “ஸே பூர் ஒஃப்ரீர்?” என்று கேட்பார்கள். பரிசாகத் தருவதற்கா என்பது பொருள், ஆம் என்றால் பல கடைகளில் அழகாகச் சுற்றித் தருகிறார்கள்.

கடையில் ஸ்வெட்டரை மேசையில் விரித்து, ரசீதைப் பக்கத்தில் வைத்து, விடுதியில் அகராதி பார்த்துத் தயாரித்த வாக்கியத்தைச் சொன்னேன்: “இல் இயா யூன் மாய் ஃபிலே.” ‘மாய்’ என்றால் பின்னலின் கண்ணி, ‘ஃபிலே’ என்றால் ஓடிவிட்டது. அந்தப் பெண் உள்பக்கத்தைத் திருப்பி, விரலால் கண்ணியைத் தொட்டு, நான் தொழிற்சாலையில் செய்வதைப் போலவே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே ‘ஃபப்ரிக்கே ஆன் ஆந்த்’, இந்தியாவில் செய்தது என்ற லேபிள் இருந்தது, அது எனக்கு மேலும் ஒரு வருத்தம். “எஷான்ஜ் ஊ அன் அவ்வார்?” என்றார். மாற்றிக்கொள்கிறீர்களா, அல்லது அதே கடையில் பின்னர் பயன்படுத்தும் வரவுச்சீட்டா? மறுநாள் ஊருக்குப் போகும் பயணிக்கு அந்தச் சீட்டால் பயனில்லை. பணமாக வேண்டுமென்றால் “அன் ரான்பூர்ஸ்மான்” என்று கேட்க வேண்டும். என் அளவில் இன்னொன்று இருந்ததால் “எஷான்ஜ்” என்றேன். புதியதை அவரே ஒருமுறை விளக்கடியில் விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

ஏழாம் நாள்: ஞாயிறு, ஜனவரி 12

விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இதற்கு ‘தெதாக்ஸ்’ என்று பெயர். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி “ஜெ வூத்ரே ஃபேர் லா தெதாக்ஸ்” என்று கேட்டு, படிவம் வாங்கிக்கொள்ள வேண்டும், பின்னால் கேட்டுப் பயனில்லை. கோட்டு வாங்கிய அன்று அதைக் கேட்டு வைத்திருந்தேன். பெட்டியை ஒப்படைக்கும் முன்பே இங்குள்ள ‘பப்லோ’ என்னும் இயந்திரத்தில் படிவத்தில் உள்ள பார்கோடைக் காட்ட வேண்டும், ஏனெனில் சுங்க அதிகாரி விரும்பினால் பொருளைக் காட்டும்படி கேட்கலாம். திரையில் பச்சை நிறம் வந்தது, வேலை முடிந்தது.

அக்கா கடைசி நேரத்தில் நிலையக் கடையில் தன் பேத்திக்கு ஒரு சிறிய கம்பளித் தொப்பி வாங்கப் போனார். நான் பெட்டிகளோடு வெளியே நின்றேன். கண்ணாடி வழியே பார்த்தபோது, நுழைந்ததும் அவரே முதலில் தலையசைத்து ஏதோ சொல்வதும், கடைக்காரர் சிரித்துப் பதில் சொல்வதும் தெரிந்தது. வெளியே வந்தவர் கையில் பரிசுத்தாளில் சுற்றிய பொட்டலமும் ரசீதும் இருந்தன. நோட்டின் இடப்பக்கத்தில் எழுதச் சொல்லி ஒரு புதிய கேள்வியையும் கொண்டுவந்திருந்தார்: “எல் ஆ கெல் ஆஜ்?” குழந்தைக்கு என்ன வயது? சிறுவர் உடுப்புகளுக்கு இங்கே எண்ணைவிட வயதுதான் அளவு. ‘காத்ர் ஆன்’, நான்கு வயது என்று சொல்வதற்குத் தெரியாமல், நான்கு விரலைக் காட்டினேன் என்றார்.